யார்க் நகரில் தங்க நல்ல இடம் சொல்லுங்கள்

வணக்கம். ஏப்ரலில் அம்மா அப்பாவை லண்டனிலிருந்து யார்க் அழைத்துப் போகிறேன். கிங்ஸ் கிராஸில் ரயில் ஏறினால் சுமார் இரண்டு மணி நேரம், அதில் குழப்பமில்லை. தங்குமிடம்தான் முடிவாகவில்லை.

அம்மாவுக்கு முழங்கால் வலி. நகரைச் சுற்றியுள்ள பழைய மதில் மொத்தம் சுமார் 3.4 கிலோமீட்டர் என்பதால் அதன்மேல் முழுக்க நடக்க முடியாது. ஆனால் பூதம் பார் வாயிலிலிருந்து மங்க் பார் வாயில் வரையாவது மேலே கூட்டிப்போக வேண்டும். அங்கிருந்து பார்த்தால் தோட்டங்களுக்கும் ஓட்டுக் கூரைகளுக்கும் அப்பால் மின்ஸ்டர் பேராலயம் அவ்வளவு அழகு! மதில் சரிவுகளில் டாஃபடில் பூக்கும் பருவம் என்றுதான் ஏப்ரலைத் தேர்ந்தெடுத்தேன். அப்பாவுக்கு மின்ஸ்டரில் 1408இல் முடிந்த கிழக்குப் பெருஞ்சாளரத்தின் வண்ணக் கண்ணாடிகளை நிதானமாகக் காட்ட வேண்டும்.

மதிலுக்குள்ளேயே தங்கினால் எல்லாம் பக்கம், சரி. ஆனால் பழைய கட்டடங்களில் குறுகிய மாடிப்படிதான் பயமாக இருக்கிறது. லிஃப்ட் அல்லது தரைத்தள அறை உள்ள இடம் தெரியுமா? மிக்கிள்கேட் தெரு ரயில் ஸ்டேஷனிலிருந்து நடக்கும் தூரம்தான், ஆனால் வார இறுதி இரவுகளில் பப் கூட்டத்தின் சத்தம் தூங்க விடுமா? பூதம் சாலைப் பக்கமுள்ள கெஸ்ட் ஹவுஸ்களில் பெற்றோருடன் தங்கியவர்கள் இருந்தால் அவசியம் எழுதுங்கள். அப்புறம், இருவரும் சுத்த சைவம். காலை உணவுக்கு என்ன செய்தீர்கள் என்பதையும் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும். இந்த வாரமே முன்பதிவு செய்யலாம் என்றிருக்கிறேன்.