கையால் சிகிச்சை தரும் பிசியோதெரபிஸ்ட் வேலூரில் யார்?

காட்பாடியில் ஆட்டோ ஓட்டுகிறேன், வயது 44. நான்கு மாதமாக வலது புட்டத்தின் நடுவில் ஆணி அறைந்தாற்போல் வலி. பாகாயம் வரை சவாரி போனால், தொடையின் பின்பக்கமாகக் கெண்டைக்கால் வரை சுண்டி இழுக்கிறது. இறங்கிக் காலை ஊன்ற முடியவில்லை. மரத்துப்போவதில்லை.

எம்ஆர்ஐயில் முதுகுத்தண்டில் குறையில்லை. புட்டத்தின் உள்ளே இருக்கும் பிரிஃபார்மிஸ் தசை, காலுக்கு இறங்கும் சியாடிக் நரம்பை அழுத்துகிறது என்றார் மருத்துவர். பின்பாக்கெட்டில் பர்ஸ் வைப்பதை விட்டுவிட்டேன் (இருபது வருடப் பழக்கம், கை இன்னும் அங்கேதான் போகிறது). மாத்திரை, வெந்நீர் ஒத்தடம் எல்லாம் ஆயிற்று. பத்து நாள் பிசியோதெரபிக்கும் போனேன். கருவியின் பட்டைகளை ஒட்டிவிட்டு அந்த பிசியோதெரபிஸ்ட் கைபேசியில் மூழ்கிவிடுவார். ஒருநாளும் வலிக்கிற இடத்தில் விரல் வைத்துப் பார்க்கவில்லை.

சத்துவாச்சாரிக்கும் காட்பாடிக்கும் இடையில், அந்தத் தசையைக் கையால் அழுத்தித் தளர்த்திவிடும் பிசியோதெரபிஸ்ட், மாலை 7 மணிக்கு மேல் பார்ப்பவர், யாரையாவது தெரியுமா?