மறு: 'கூட்டுக் கதையுலகம்' சரியா?

அனைவருக்கும் வணக்கம். 'ஷேர்டு யுனிவர்ஸ்' (shared universe) என்பதற்குத் தமிழ்ச்சொல் தேடும் நம் விவாதத்தில் வந்த இந்தக் கருத்துக்கு என் மறுமொழி:

> ஒரே பதிப்பகத்தின் காமிக்ஸ் நாயகர்கள் எல்லாரும் வாழும் உலகைக் 'கூட்டுக் கதையுலகம்' எனலாம். 'பகிர்ந்த பிரபஞ்சம்' மொழிபெயர்ப்பு வாடை அடிக்கிறது.

வாடை அடிப்பது உண்மைதான். போதாததற்கு, பங்கு போட்டுப் பிரித்துக்கொண்டது போலவும் தொனிக்கிறது. ஆனால் 'கூட்டு'ம் எனக்கு உறுத்துகிறது. கூட்டுக் குடும்பத்தில் ஒரே உலை. கூட்டுப் பண்ணையில் சேர்ந்தே உழுவார்கள். இந்த நாயகர்களோ பெரும்பாலும் தனியாட்கள்.

1940-இல் ஆல் ஸ்டார் காமிக்ஸ் மூன்றாம் இதழில் ஜஸ்டிஸ் சொசைட்டி என்ற நாயகர் குழு முதன்முதலாகக் கூடியது. கூடி என்ன செய்தார்கள்? மேசையைச் சுற்றி அமர்ந்து, அவரவர் தனியே செய்த சாகசத்தை ஆளுக்கொரு அத்தியாயமாகச் சொன்னார்கள், அவ்வளவுதான். குழுவில் ஒருவரான ஃப்ளாஷுக்குத் தன் பெயரிலேயே தனி இதழ் அமைந்ததும் 'கௌரவ உறுப்பினர்' ஆக்கி மரியாதையாக வழியனுப்பிவிட்டார்கள். ஒவ்வொரு நாயகனும் தன் இதழைத் தானே விற்றாக வேண்டும் என்பதுதான் விஷயம். சூப்பர்மேன் கூப்பிடு தூரத்தில் இருந்தால் பேட்மேன் கதை மூன்றாம் பக்கத்திலேயே முடிந்துபோகுமே!

ஒரே உலகில் இருந்தும் நாயகர்கள் சேராமல் இருப்பதற்குக் கதைக்குள் சாக்குத் தேடுவது எழுத்தாளர் பாடு. எனக்குப் பிடித்த சாக்கு 1963-இல் வந்தது. ஸ்பைடர்மேன் தன் பெயரிலான முதல் இதழிலேயே ஃபென்டாஸ்டிக் ஃபோர் குழுவிடம் வேலை கேட்டுப் போகிறான். வாசல் வழியாக அல்ல, அத்துமீறி நுழைந்து, அவர்களோடு மோதித் திறமையைக் காட்டிவிட்டு! சம்பளம் கிடையாது என்றதும் கிளம்பிவிடுகிறான். வீட்டில் பணமுடை; வேறென்ன செய்வான்? நிலநடுக்கத்தில் சிதைந்த காத்தம் நகரை, அதாவது பேட்மேனின் ஊரை, அமெரிக்க அரசே கைகழுவிய 1999-ஆம் ஆண்டுத் தொடரில் சூப்பர்மேன் வந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போனதை மட்டும் என்னால் இன்றுவரை நம்ப முடியவில்லை.

ஆக, இங்கே உலகம்தான் பொது, வேலை பொது அல்ல. பொதுக்கிணறு என்கிறோம், அதில் அவரவர் குடம், அவரவர் கயிறு. அந்தப் 'பொது'வையே எடுத்துக்கொண்டு 'பொதுக் கதையுலகம்' என்று முன்மொழிகிறேன். 'பொது' என்றால் 'சாதாரணம்' என்று சிலர் படிக்கக்கூடும் என்பது தெரியும். பொதுச்சுவரை யாரும் சாதாரணச் சுவர் என்று படிப்பதில்லை.

'பிரபஞ்ச'த்தை வேண்டுமென்றேதான் விட்டேன்; பல பிரபஞ்சங்கள் சேர்ந்த 'மல்டிவெர்ஸ்' பற்றிய விவாதத்துக்கு வரும்போது அது தேவைப்படும். 'கூட்டு'ம் வீணாகாது. இரண்டு இதழ்களின் நாயகர்கள் ஒரே சிக்கலில் கைகோக்கும் 'கிராஸ்ஓவர்' இருக்கிறதே, அதற்குக் 'கூட்டுக்கதை' கச்சிதமாகப் பொருந்தும்.