புதுப்பிப்பு: மலக்குடல் எம்ஆர்ஐயில் கட்டிக்கும் உறைக்கும் உள்ள தூரம் இப்போது அளக்க முடிகிறது

நடு மலக்குடல் கட்டி, மலக்குடலைச் சுற்றியுள்ள கொழுப்பை மூடும் மீசோரெக்டல் உறையைத் தொடுகிறதா என்று படத்தில் பிடிபடவில்லை, நேரே அறுவைச் சிகிச்சையா அல்லது முதலில் கதிர்வீச்சும் கீமோவுமா என்பது அதைப் பொறுத்தே என்று கேட்டிருந்தேன். பதில் எழுதிய அனைவருக்கும் மனமார்ந்த நன்றி.

கைகொடுத்தது, வெட்டுகளைச் சாய்க்கச் சொன்ன யோசனைதான். பக்கவாட்டுத் தோற்றமான சஜிட்டல் டி2 படத்தில் (டி2 என்பது எம்ஆர்ஐயில் ஒரு பட வகை) கட்டி உள்ள இடத்தில் குடல் எந்தத் திசையில் ஓடுகிறது என்று பார்த்து, அதற்குச் செங்குத்தாக ஆக்சியல் (குறுக்குவெட்டு) டி2 எடுத்தோம். தடிமன் 3 மி.மீ.; படத்தில் கொழுப்பின் சிக்னலை அடக்கவில்லை. நேர் ஆக்சியலில் சுவர் சரிவாக வெட்டுப்பட்டதால் தசைப்படலத்தின் கரிய கோடு மங்கி, கட்டி கொழுப்புக்குள் இறங்கியதுபோல் காட்டியது. சாய்த்ததும் கோடு அறுபடாமல் தெரிந்தது. உறைக்கு 4 மி.மீ. தூரம், 1 மி.மீ. அல்லது அதற்குக் குறைவென்றால்தான் விளிம்புக்கு ஆபத்து. சுவருக்கு வெளியே உள்ள சிரைகளிலும் கட்டி இல்லை. பல்துறைக் கூட்டத்தில் நேரடி டிஎம்இ (மலக்குடலை அந்த உறையோடு சேர்த்து அகற்றும் அறுவைச் சிகிச்சை) என்று முடிவானது. பத்தாலஜி அறிக்கையில் கட்டி டி2 நிலை (பட வகை அல்ல; தசைப்படலம் வரை மட்டுமே பரவியது என்று பொருள்), விளிம்பு சுத்தம்.

காடோலினியம் என்ற கான்ட்ராஸ்ட் மருந்து தேவைப்படவே இல்லை.

எதிர்பாராதது டிஃப்யூஷன் படம் (திசுவில் நீர் மூலக்கூறுகளின் அசைவைக் காட்டும் எம்ஆர்ஐ வகை): குடலில் இருந்த வாயுவால் கட்டியின் முன்பக்கம் நெளிந்துபோனது. ஸ்கேனுக்குச் சற்றுமுன் சிறு எனிமா கொடுத்து மறுபடி எடுத்ததும் சரியானது. குடல் அசைவைக் குறைக்க ஹையோசின் ஊசி உதவும், ஆனால் குறுகிய கோணக் கிளாக்கோமா (ஒரு வகைக் கண் அழுத்த நோய்) உண்டா என்று முதலில் கேளுங்கள்.

கட்டி ஆசனவாய்க்கு அருகில் இருந்தால் இது மட்டும் போதாது. ஆசனக் குழாயின் நீளவாக்கில் கரோனல் (முன்புறத் தோற்றம்) டி2வும் சேர்த்து எடுக்க வேண்டும்.