பட்டன் இருந்தும் வெடித்த டயர்

திருச்சிக்காரன்:
போன மே மாதம் குடும்பத்தோடு மதுரைக்குப் போய்க்கொண்டிருந்தோம். விராலிமலை தாண்டியதும் இடது பின் டயர் படாரென்று வெடித்தது. என் கால் தானாகப் பிரேக்குக்குப் போனது. பக்கத்தில் இருந்த மாமா, "பிரேக்கைத் தொடாதீங்க மாப்பிள்ளை, ஸ்டியரிங்கை நேரா பிடிங்க" என்று கத்தினார். ஆக்சிலேட்டரை விட்டு, வேகம் நன்றாகக் குறைந்த பிறகே ஓரங்கட்டினேன். அந்தக் குரலை இன்னும் மறக்க முடியவில்லை.

சாலையோரம் செம்மண். டயரை மாற்ற ஜாக்கியை வைத்து நாலு சுற்று சுற்றியதுமே வண்டி ஏறுவதற்குப் பதில் ஜாக்கி மண்ணில் இறங்கிச் சாய்ந்தது. நல்லவேளை, சக்கரத்தை இன்னும் கழற்றவில்லை. அந்த வழியாக வந்த லாரி ஓட்டுநர் அண்ணன் ஒருவர் நிறுத்தி இறங்கினார். ஜாக்கியை எடுக்கச் சொல்லிவிட்டு, முன் சக்கரங்களுக்குக் கல் வைத்தார். சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டுகளை அரைச் சுற்று தளர்த்தினார். தன் லாரியிலிருந்து தடித்த பலகை கொண்டுவந்து ஜாக்கிக்கு அடியில் போட்டார். அப்புறம் ஸ்டெப்னியை, அதாவது மாற்றுச் சக்கரத்தை, வண்டிக்கு அடியில் படுக்க வைத்தார். ஜாக்கி நழுவினால் வண்டி அதன் மேல் உட்காரும், ஆள் தப்பிக்கலாம் என்றார்.

அந்த ஸ்டெப்னியிலும் காற்று பாதிதான். வண்டி வாங்கி இரண்டு வருடமாக நான் அதைத் தொட்டதே இல்லை. லாரியின் ஏர் டேங்கிலிருந்து ஹோஸ் மாட்டி அவரே அடித்துக் கொடுத்தார். காசு கொடுத்தும் வாங்கவில்லை.

கிளம்பும்போது வெடித்த டயரின் பக்கவாட்டில் இருந்த நாலு இலக்க எண்ணைக் காட்டினார்: 1415. அதாவது 2015-ஆம் ஆண்டின் 14-வது வாரத்தில் செய்தது. பழைய வண்டியாக வாங்கியபோது பட்டனை, அதாவது தரையில் படும் மேடுபள்ள ரப்பரை, மட்டும்தான் பார்த்தேன், அது அருமையாக இருந்தது. பக்கவாட்டில் மயிரிழை மாதிரி ஓடிய விரிசல்களைக் கவனிக்கவே இல்லை.

கோவைவாசி:
எனக்கு நட்டுதான் சிக்கல். டயர் மாற்றிய கடையில் ஏர் கன் வைத்து இறுக்கிவிட்டார்கள். இரண்டு மாதம் கழித்து இரவில் பஞ்சர். ஸ்பேனர் மேல் ஏறி நின்றும் அசையவில்லை. தேசிய நெடுஞ்சாலை உதவி எண்ணான 1033-க்கு அழைத்துத்தான் ஆள் வந்தது. இப்போது கடையிலேயே, கடைசி இறுக்கம் கையால்தான் வேண்டும் என்று சொல்லிவிடுகிறேன். நட்சத்திரம் போடுவதுபோல் எதிரெதிராக இறுக்க வேண்டும். 50, 100 கிலோமீட்டர் ஓடியதும் இன்னொரு தடவை இறுக்கிப் பார்க்கிறேன்.

சேலத்துப் பெண்:
தொப்பூர் இறக்கத்தில் மழையில் வண்டி வழுக்கியபோதுதான் டயரைக் குனிந்து பார்த்தேன். பள்ளங்களுக்குள் இருக்கும் சின்ன மேடு வரை பட்டன் தேய்ந்திருந்தது. அந்த மேடுதான் 1.6 மில்லிமீட்டர் எல்லை. அடுத்த நாளே நான்கையும் மாற்றினேன்.

திருச்சிக்காரன்:
சகோதரி, உங்கள் ஸ்டெப்னி சின்ன அளவா என்று பாருங்கள். என்னுடையது அப்படித்தான், 80 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகக் கூடாது என்று அதிலேயே ஒட்டியிருக்கிறது. மதுரை வரை 60-லேயே போனோம். இப்போது மாதம் ஒருமுறை, காலையில் வண்டியை எடுக்கும் முன்பே, ஐந்து டயருக்கும் காற்று பார்க்கிறேன். அந்தப் பலகை மாதிரி ஒன்றும் டிக்கியில் கிடக்கிறது.