காற்று தூக்கிய பசுமைக்குடில்கள்: கண்ணால் பார்த்ததை எழுதுங்க (ஒவ்வொரு பதிவுக்கும் மேல இருக்கிறது எழுதினவர் பேர்)

மாடிக்குடில்

வர்தா புயல், 2016 டிசம்பர் 12. சென்னையில் ஒரு மொட்டை மாடி. 10க்கு 20 அடி குடில், முக்கால் இஞ்ச் ஜிஐ (துத்தநாகம் பூசின இரும்பு) பைப் வளைவு, மேலே 200 மைக்ரான் யூவி ஷீட், அதாவது வெயில் தாங்க மருந்து சேர்த்த பாலித்தீன். வடக்கே இருந்து அடிச்ச காற்றுக்கு அது அசையவே இல்லை. மண் மூட்டை, குறுக்குக் கம்பி எல்லாம் வடக்குப் பக்கம்தான் இருந்தது. கண் கடக்கும்போது காற்று அடங்கிச்சு. அப்புறம் தெற்கே இருந்து ஆரம்பிச்சது. கதவு இருந்தது தெற்கில்.

மனசை விட்டுப் போகாதது அந்தக் கதவுதான். நடுவில் ஒரே ஒரு தாழ்ப்பாள். கீழ் மூலை உள்பக்கமா வளைஞ்சு ஒரு சாண் இடைவெளி விட்டது. அவ்வளவுதான், கூரை ஷீட் மொத்தமும் உப்பி, பக்கத்துப் புரொஃபைலோட (ஷீட் ஓரத்தைப் பிடிக்கிற பள்ளப் பட்டை) சேர்த்துப் பிடுங்கிக்கிட்டுப் போயிடுச்சு. ஷீட் கிழியலை, அதைப் பள்ளத்துக்குள்ள அழுத்திப் பிடிக்கிற ஜிக்ஜாக் ஸ்பிரிங்கும் கழலலை. புரொஃபைலைப் பைப்பில் பிடிச்ச ஸ்க்ரூ இரண்டரை அடிக்கு ஒண்ணுதான் இருந்தது. நடுவில் புரொஃபைல் வளைஞ்சு, ஒரு ஸ்க்ரூ உருவினதும் அதோட சுமையும் அடுத்ததுக்குப் போச்சு. வரிசையா எல்லாம் உருவிச்சு.

ஒரு அடிக்கு ஒரு செல்ஃப் ட்ரில்லிங் ஸ்க்ரூ போடணும், இரண்டு முனையிலும் அரை அடிக்கு ஒண்ணு. கதவு வெளிப்பக்கம் திறக்கிறதா இருக்கணும். அப்போதான் காற்று தள்ளும்போது சட்டத்தில் போய் அழுந்தி உட்காரும். தாழ்ப்பாள் மேலே ஒண்ணு, கீழே ஒண்ணு. புயலில் காற்று திசை மாறும்கிறதை நினைச்சு நாலு பக்கமும் ஒரே அளவுக்குப் பலப்படுத்துங்க.

ஆழியார்க் காற்று

கதவைப் பூட்டி வச்சதுதான் தப்புன்னு நான் சொல்வேன். பாலக்காட்டுக் கணவாய்க்கு நேரா இருக்கிற ஊர்கள்ல ஆனி, ஆடி முழுக்க ராத்திரி பகல்னு பார்க்காம காற்று அடிக்கும். இங்க ரெண்டு பக்கமும் திறந்து விட்டுடுவாங்க, வந்த காற்று மறுபக்கமாப் போயிடும்.

இங்க குடில் போறது வேற விதமா. பொள்ளாச்சிக்கு மேற்கே ஒரு நிழல்வலைக் குடில். சாயங்காலம் ஒரு மூலையில் கேபிள் டை ஒண்ணு அறுந்து ஒரு முழம் வலை தொங்கிட்டு இருந்தது. சின்னதுதானேன்னு விட்டுட்டாங்க. ராத்திரி முழுக்கப் படபடன்னு அடிச்சு, காலையில் அந்தப் பக்கம் முழுசும் நார் நாராப் போயிருந்தது. இழுக்கிற காற்றைவிடப் படபடக்க விடற காற்றுதான் வலையைக் கொல்லும்.

வலை ஓரத்தை ரெண்டு மடிப்பு மடிச்சு, மடிப்புக்குள்ள ஜிஐ கம்பியை ஓட்டி, முக்கால் அடிக்கு ஒரு கட்டுப் போடணும். வெள்ளைக் கேபிள் டை வெயிலில் உளுத்துடும். வெயில் தாங்கும்னு போட்டு விக்கிற கறுப்பு டை வாங்குங்க, இல்லைன்னா பிளாஸ்டிக் பூச்சு போட்ட கட்டுக்கம்பி. கம்பி நேரா வலையில் உரசுற இடத்தில் பழைய டியூப் துண்டு ஒண்ணைச் செருகி வைங்க.

கணக்கு

ஆழியார் அண்ணா, வலைக்கு நீங்க சொல்றது சரி, அதில் காற்று புகுந்து போகும். ஷீட் போட்ட குடிலுக்கு அதே யோசனையைச் சொல்லாதீங்க. காற்று வர்ற பக்கம் திறந்திருந்தா உள்ளே அழுத்தம் ஏறிக் கூரையைக் கீழேயிருந்து தள்ளும். அதே நேரம் வெளியே கூரைக்கு மேல ஓடுற காற்று மேலே இழுக்கும். ரெண்டும் ஒரே திசை, கூட்டிக்கணும். முன்னும் பின்னும் சுவர் முழு அகலத்துக்குத் திறந்து, காற்றும் நேர்கோட்டில் வந்தாதான் உங்க வழி பலிக்கும். மாடிக்குடில் சொன்ன கதவில் ஒரு சாண் திறந்ததே போதுமானதா இருந்தது, பாருங்க.

காற்றழுத்தக் கணக்கு எளிது. வேகத்தை விநாடிக்கு மீட்டரில் எடுத்து, அதை அதாலேயே பெருக்கி, 0.6 ஆல் பெருக்குங்க. சதுர மீட்டருக்கு எத்தனை நியூட்டன்னு வரும். பத்தால் வகுத்தா தோராயமா கிலோ. 60 கி.மீ. வேகத்துக்கு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 17 கிலோ. 120 கி.மீ. ஆனா 34 இல்லை, 68. வேகம் இரட்டிச்சா சுமை நாலு மடங்கு.

10க்கு 20 அடிக் கூரை 18.6 சதுர மீட்டர். 60 கி.மீ.யில் 300 கிலோவுக்கு மேல தூக்கலாம், 120இல் 1,250 கிலோ. வடிவத்தைப் பொறுத்துக் கூடும் குறையும். ஆனா இந்த அளவை மனசில் வச்சுக்கங்க. இதைத் தாங்க வேண்டிய கூரை ஷீட்டோட எடை மூன்றரை கிலோகூட வராது.

அடுத்தது குடில் தூக்காம இருக்க எடையா வைக்கிற பக்கெட். 20 லிட்டர் பெயின்ட் பக்கெட்டில் கான்கிரீட் நிரப்பினா 48 கிலோ. ஆறு பக்கெட் வச்சா மொத்தம் 288. ஆடிக் காற்றுக்கும் கோடை இடிமழைக்கும் அது ஏதோ ஈடுகொடுக்கும். புயலுக்கு இருபது பக்கெட் வச்சாலும் காணாது, மாடியும் தாங்காது. ஆள் நடமாடுற மொட்டை மாடிக்கு வழக்கமா எடுக்கிற பளு சதுர மீட்டருக்கு 150 கிலோதான். வைக்கிற பக்கெட்டையும் தளத்தின் நடுவில் வைக்காம சுவர், பீம் வர்ற இடத்துக்கு மேல வைங்க.

கட்டட விதிகளில், ஐஎஸ் 875 மூன்றாம் பாகத்தில், அடிப்படைக் காற்று வேகம் கோவைக்கு விநாடிக்கு 39 மீட்டர், சென்னைக்கு 50. மணிக்கு 140, 180 கி.மீ. அதனால கோவைப் பக்கத்து அனுபவத்தை அப்படியே கடலோரத்துக்குக் கொண்டு வரக் கூடாது.

சவுக்குக் கட்டை

கஜா, 2018 நவம்பர் 16, விடியறதுக்கு முன்னாடி. பேராவூரணிப் பக்கம் தென்னையே நிக்கலை, குடில் எம்மாத்திரம். ஆனா கொல்லைப்புறத்தில் பக்கத்துப் பக்கத்தில் ரெண்டு சவுக்குக் குடில். ஒண்ணு முழுசாப் படுத்திருந்தது, இன்னொண்ணு ஷீட் போய்ச் சட்டம் மட்டும் நின்னுச்சு. படுத்ததோட கட்டைகளைப் பார்த்தா எல்லாமே தரைமட்டத்தில்தான் ஒடிஞ்சிருக்கு. ஒடிஞ்ச இடம் உள்ளே கறுத்து, விரல் வச்சாத் தூளாக் கொட்டுது. மண்ணுக்கு அடியில் இருந்த பாகமும் நல்லாருக்கு, மேலே இருந்ததும் நல்லாருக்கு. ஈரமும் காற்றும் சேர்ற அந்த நாலு விரல் இடம்தான் உளுத்திருக்கு.

நின்ன குடிலில் கட்டை மண்ணைத் தொடவே இல்லை. ரெண்டடி ஆழக் குழியில் ஜிஐ ஆங்கிள் (எல் வடிவ இரும்பு) நட்டு, கான்கிரீட் போட்டு, தரைக்கு ஒரு சாண் மேலேயிருந்து கட்டையை ரெண்டு போல்டில் பிடிச்சிருந்தாங்க. கான்கிரீட் மேல்மட்டம் வெளிப்பக்கம் சரிவு, தண்ணி தேங்காது. ஓரடி அகலம், ரெண்டடி ஆழம் இருந்தா ஒரு குழிக்கு நூறு கிலோவுக்கு மேல கான்கிரீட் கிடைக்கும். ஆங்கிளின் அடியில் குறுக்கே ஒரு கம்பித் துண்டைச் செருகிட்டா உருவிக்கிட்டு வராது.

ஆங்கிளுக்குக் காசு இல்லைன்னா கட்டையை நேரா நடலாம். ஆனா அடியிலிருந்து தரைக்கு அரை அடி மேல வரைக்கும் தார் பூசி, அடிமுனையில் ஓரடிக் குறுக்குக் கட்டை ஒண்ணை அறைஞ்சு நடணும். ஐப்பசி, கார்த்திகையில் மண் ஊறிப் போயிருக்கும்போது வெறும் முளைக்குச்சி பிடிமானமே தராது. கோடையில் கடப்பாரை இறங்காத மண்ணு அதேதான்.

ஹாரோ தோட்டம்

இஞ்ச இங்கிலாந்திலை பின்வளவிலை வைக்கிறது அலுமினியச் சட்டம், 4 மி.மீ. பொலிகாபனேற் (ஒருவகை பிளாஸ்ரிக்) தகடு, 6க்கு 8 அடி. மலிவுச் சாமான். 2022 பெப்ரவரி 18, யூனிஸ் புயல். காற்று மேற்கிலையிருந்து அடிச்சது, கழண்டது கிழக்குப் பக்கத் தகடு. அதுதான் எல்லாருக்கும் விளங்காத விசயம். காற்றுக்கு மறைவான பக்கத்திலை வெளியாலை உறிஞ்சிற இழுவை இருக்கு. தகட்டின்ரை நடு வெளியாலை வில்லாய் வளைய, ஓரம் சட்டத்துத் தவாளிப்பிலையிருந்து (பள்ளத்திலையிருந்து) வழுகிச்சுது. தவாளிப்புக்குள்ளை நிக்கிறதே ஒரு சென்ரிமீற்றர் வரைக்கும்தான். ஒரு தகடு போனாப் பிறகு காற்று உள்ளை வந்து மற்றத் தகடுகளையும் தள்ளிச்சுது.

தகட்டு ஓரம் முழுக்க, உள்ளையும் வெளியிலையும், சிலிக்கன் விடுங்கோ. வினாகிரி மணக்கிற சிலிக்கன் வேண்டாம், அது பொலிகாபனேற்றை வெடிக்கப் பண்ணும். நியூற்றல் எண்டு எழுதியிருக்கிறதை வாங்குங்கோ. அதோடை ஒவ்வொரு தகட்டுக்கும் நடு உயரத்திலை வெளிப்பக்கமாய் ஒரு அலுமினியப் பட்டி, ரெண்டு பக்கச் சட்டத்தோடையும் போல்ட் பண்ணி. தகடு வெளியாலை வளையாட்டில் கழராது. அடிச்சட்டத்தைக் கல்லுப் பதிச்ச தளத்திலை 8 மி.மீ. ஆங்கர் போல்டாலை இறுக்கோணும். புல்லுக்கு மேலை சும்மா வைச்சால் முழுக் கூடுமே வேலிக்கு மேலாலை போகும்.

ஓசூர் ஷீட்

எல்லாரும் காற்றைப் பத்தியே பேசறீங்க. தண்ணியைச் சொல்லணும். சித்திரையில் ஒரு கோடை மழை, அரை மணி நேரம், கூடவே ஆலங்கட்டி. காற்று பெரிசா இல்லை. ரெண்டு வளைவுக்கு நடுவில், கூரை சரிவு குறையற இடத்தில் ஷீட் தளர்ந்து ஒரு தொட்டி கட்டிடுச்சு. ஒரு மீட்டர் அகலம், ஒரு சாணுக்கும் குறைவான ஆழம். அதுக்கே 60 கிலோ. தண்ணி கூடக் கூடத் தொட்டி ஆழமாகும், ஆழமானா இன்னும் தண்ணி சேரும். கடைசியில் ஷீட் கிழியாம பைப் உள்பக்கம் மடங்கிச்சு. அந்த மடங்கின சத்தம் தெருவுக்கே கேட்டது.

வளைவு நாலடிக்கு ஒண்ணு போதும்னு கடையில் சொல்வாங்க. மூணடிக்கு ஒண்ணு போடுங்க. உச்சியில் மட்டும் நீளப் பைப் போடாம ரெண்டு தோளிலும் ஒவ்வொண்ணு ஓட்டுங்க. முடிஞ்சா உச்சியைக் கூம்பா எடுங்க, அரைவட்டத்தின் மேல்பாகம் தட்டையாத்தான் இருக்கும். ஷீட்டைக் குளிர்ந்த விடியலில் இழுத்துக் கட்டினா மத்தியானம் தளர்ந்துடும். வெயில் ஏறின பிறகு, காற்றில்லாத நேரமாப் பார்த்துக் கட்டணும்.

கேட்காட்டியும் இதையும் சொல்லிடறேன். பிவிசி பைப்பில் வளைவு போடறது மலிவுதான், ஆனா பிவிசி தொடற இடத்தில் பாலித்தீன் ஷீட்டோட யூவி மருந்து சீக்கிரம் செத்துடும். வளைவு வளைவா வரி கிழிஞ்சிருந்தா காரணம் அதுதான். போட்டே தீரணும்னா பைப்புக்கு மேல வெள்ளை அக்ரிலிக் பெயின்ட் அடிங்க. ஜிஐ பைப்பிலும் ஷீட் படற மேல்பாகத்துக்கு வெள்ளை அடிக்கணும், சூடேறின இரும்பு, ஷீட்டை உளுத்துப் போக வச்சுடும். சாம்பல் நோய்க்கு கந்தகம் தெளிக்கிறவங்க கூரையில் படாம தெளிங்க, கந்தகமும் அதே மருந்தைத்தான் கெடுக்கும். ஷீட்டில் எந்தப் பக்கம் வெளியேன்னு அச்சடிச்சிருப்பாங்க, பிரிக்கும்போதே பார்த்துடுங்க. மூலைக்கு மூலை குறுக்குக் கம்பி இல்லாம எந்தச் சட்டமும் நிக்காது. 3 மி.மீ. ஜிஐ கம்பியைப் பெருக்கல் குறி மாதிரிப் போட்டு, டர்ன்பக்கிள் (கம்பியைத் திருகி இறுக்குற கருவி) வச்சு இறுக்கி, மழைக்காலத்துக்கு முன்னாடி ஒரு தரம் திருகிப் பாருங்க.

புதுத்தோட்டம்

மாடியில் ஆங்கர் போல்ட் அடிக்கலாமா? கைப்பிடிச் சுவரோட கிளாம்ப் போட்டுப் பிடிச்சாப் போதுமா?

மாடிக்குடில்

தளத்தில் ஓட்டை போடாதீங்க தம்பி. தட்டோட்டுக்கு அடியில் இருக்கிற சுண்ணாம்புத் தளம் ஒரு தடவை தண்ணி குடிச்சா, கசிவு ஓட்டைக்கு நேரா வராது, எங்கேயோ ஒரு அறையில் வரும். கைப்பிடிச் சுவர் நாலரை இஞ்ச் செங்கல்னா மேல்நோக்கி இழுக்கிறதுக்கு அது பலமே இல்லை. சுவரின் ரெண்டு பக்கமும் பட்டைத் தகடு வச்சு, நடுவில் போல்ட் ஓட்டினாலும், குடில் ஆடாம இருக்கத்தான் அது உதவும். எடைக்குப் பக்கெட்தான். ஒன்பது இஞ்ச் சுவரும் கான்கிரீட் தூணும் இருந்தா தூணில் பிடிங்க.

கணக்கு

கடலோரத்து மாடிக்கு நான் ஒரே ஒரு யோசனைதான் சொல்வேன். சட்டத்தைக் காப்பாத்துங்க, ஷீட்டைக் கழட்டுங்க. ஷீட் இல்லாத பைப்பில் காற்றுக்குப் பிடி கிடையாது. வானிலை மையம் புயல் கரையைக் கடக்கும்னு உங்க மாவட்டத்தைச் சொன்னா, முந்தின நாள் பகலிலேயே, காற்று ஓய்ந்திருக்கும்போது, கழட்டணும். ஸ்பிரிங்கை ஒரு முனையில் இடுக்கியால் பிடிச்சு ஆட்டி ஆட்டி இழுத்தா முழு நீளமும் வந்துடும். ரெண்டு பேர் வேணும். முதல்ல முன், பின் சுவர், அப்புறம் ஒரு பக்கம், அந்தப் பக்கத்திலிருந்து சுருட்டிக்கிட்டே உச்சி தாண்டி மறுபக்கம். இந்த அளவு குடிலுக்கு ஒரு மணி நேர வேலை.

காற்று கிளம்பிடுச்சுன்னா மேலே ஏறாதீங்க, ஏணி போடாதீங்க. காற்று வர்ற பக்கம் தரையில் நின்னு, கம்பில் கட்டின கத்தியால ரெண்டு வளைவுக்கு நடுவில் நீளவாக்கில் கிழிச்சு விட்டுடுங்க. ஷீட் உங்ககிட்டேயிருந்து விலகித்தான் பறக்கும். தொட்டி, தட்டு, சும்மா கிடக்கிற பைப் துண்டு எல்லாத்தையும் அதுக்கு முன்னாடியே கீழே இறக்கிடணும், பக்கத்து வீட்டுக் கண்ணாடியை உடைக்கிறது அதுங்கதான்.

சுருட்டின ஷீட்டை ஈரத்தோட வெயிலில் போடாதீங்க. துடைச்சு, நிழலில் வச்சு, வெளிப்பக்கம் எது, வடக்கு முனை எதுன்னு மார்க்கரில் எழுதி வைங்க. திரும்பப் போடும்போது பழைய மடிப்பு பழைய புரொஃபைலிலேயே உட்காரணும்.