கம்ப்யூட்டரில் நன்றாக இருக்கும் எங்கள் மீன்கடைப் பக்கம் போனில் பொடிப்பொடியாகத் தெரிகிறது, உதவுங்கள்

ராயபுரம் மீன்கடை | ஜூன் 4, இரவு 9.40

வணக்கம். அம்மா காசிமேட்டில் மீன் எடுத்து, சுத்தம் செய்து, ராயபுரம், பழைய வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை பக்கம் வீடுகளுக்குக் கொடுக்கிறார். நான் பாலிடெக்னிக் கடைசி வருடம். மீன்பிடித் தடைக்காலத்தில் கொஞ்சம் ஓய்வு கிடைத்ததால் அம்மா வியாபாரத்துக்கு ஒரு இணையதளம் செய்தேன். டெம்ப்ளேட் எதுவும் எடுக்கவில்லை, எல்லா வரியும் நானே எழுதியது.

வீட்டில் பழைய கம்ப்யூட்டர், 1366-க்கு 768 திரை. அதில் பார்த்தால் மனசுக்கு நிறைவாக இருக்கிறது. இடது பக்கம் மீன் படங்கள், வலது பக்கம் ஆறு பத்தி உள்ள விலை அட்டவணை, கீழே ஆர்டர் பட்டன். படத்தின் மேல் மவுஸை வைத்தால் அன்றைய விலை வரும்.

அம்மா போனில் திறந்தால் முழுப் பக்கமும் தபால் தலை அளவுக்குச் சுருங்கிவிடுகிறது. "இன்னாடா இது, எறும்பு ஊர்ற மாதிரி கீது" என்றார். விலை எங்கே என்று கேட்டுப் பழைய வாடிக்கையாளர் ஒரு அக்கா போன் செய்தார். பக்கம் வருவதற்கே அரை நிமிடம் ஆகிறது என்றார் இன்னொருவர்.

ஜூன் 14-ஓடு 61 நாள் தடை முடிகிறது. விசைப்படகுகள் போய்த் திரும்பினால் வஞ்சிரம், சங்கரா எல்லாம் வரும், ஆர்டரும் வரும். அதற்குள் சரிசெய்ய வேண்டும். எங்கே ஆரம்பிப்பது?

கொருக்குப்பேட்டைக்காரன் | ஜூன் 4, இரவு 10.15

தம்பி, முதலில் ஒன்று பாருங்கள். பக்கத்தின் மூல நிரலில், ஹெட் பகுதியில், மெட்டா வியூபோர்ட் என்று ஒரு வரி இருக்கிறதா? பக்கத்தை எந்த அகலத்தில் காட்ட வேண்டும் என்று பிரவுசருக்குச் சொல்லும் வரி அது. இல்லை என்றுதான் நினைக்கிறேன்.

2007-இல் ஐபோன் வந்தபோது இணையத்தில் இருந்த பக்கங்கள் பெரும்பாலும் கம்ப்யூட்டருக்காகச் செய்தவை. அதனால் அதன் பிரவுசர், பக்கம் 980 பிக்சல் அகலம் என்று தானே வைத்துக்கொண்டு, அதை உள்ளங்கை அளவுத் திரைக்குள் சுருக்கிக் காட்டியது. ஆண்ட்ராய்டு குரோமும் இன்றுவரை அப்படியேதான் செய்கிறது. உங்கள் அம்மா போனின் அகலம் பிரவுசர் கணக்கில் 360 பிக்சல் சுற்றி இருக்கும். 980-ஐ 360-க்குள் அடைத்தால் எழுத்து மூன்றில் ஒரு பங்குக்குப் பக்கமாக வந்துவிடும். எறும்பு என்று அம்மா சொன்னது சரியான அளவுதான்.

வியூபோர்ட் வரியில் அகலத்துக்கு 'டிவைஸ்-விட்த்', இனிஷியல்-ஸ்கேல் 1 என்று கொடுத்தால் போன் தன் உண்மையான அகலத்தைச் சொல்லும். அதன் பிறகு அட்டவணை திரையை விட்டு வெளியே ஓடும். அதற்கும் தயாராக இருங்கள்.

தண்டையார்பேட்டை பிரவுசிங் சென்டர் | ஜூன் 5, காலை 8.05

நான் பிரவுசிங் சென்டர் வைத்திருக்கிறேன். கொருக்குப்பேட்டைக்காரன் சொன்னது சரி. அதோடு இன்னொன்று. வரியைச் சேர்த்த பிறகும் யாராவது ஒருவர் "இன்னும் சின்னதாகத்தான் இருக்கிறது" என்று சொன்னால், குரோமில் மூன்று புள்ளியை அழுத்தி 'டெஸ்க்டாப் சைட்' டிக் ஆகி இருக்கிறதா என்று கேளுங்கள். சைட் செட்டிங்ஸ் உள்ளே போய் எல்லாப் பக்கத்துக்கும் அப்படியே வைத்துவிடவும் முடியும்.

ஏன் சொல்கிறேன் என்றால், எங்களிடம் வருபவர்களின் போனில் இதை அடிக்கடி பார்க்கிறேன். எப்போதோ ஒரு விண்ணப்பம் போனில் திறக்காமல், யாரோ சொல்லி டிக் செய்திருப்பார்கள். அப்புறம் மறந்துவிடுவார்கள். அதிலிருந்து எல்லாமே எறும்பு. தன் போன் கெட்டுவிட்டது என்று நினைத்து, வீட்டிலேயே முடியும் வேலைக்கு எங்கள் சென்டருக்கு வந்து காசு கொடுக்கிறவர்களைப் பார்க்கும்போது கஷ்டமாக இருக்கும். டிக்கை எடுத்துவிட்டு அனுப்புவேன்.

ராயபுரம் மீன்கடை | ஜூன் 6, மாலை 6.20

அண்ணா, மிக்க நன்றி. அந்த வரி இல்லவே இல்லை. சேர்த்ததும் எழுத்து பெரிதாகிவிட்டது. போன் செய்த அக்காவுக்கு மட்டும் மாறவில்லை. சென்டர் அண்ணன் சொன்ன டிக் அவர் போனில் இருந்தது! எடுத்ததும் சரியானது.

ஆனால் இப்போது அட்டவணை வலது பக்கம் ஓடுகிறது. படத்தைத் தொட்டால் ஒரு முறை விலை வருகிறது, மறுமுறை பக்கமே மாறுகிறது. ஆர்டர் பட்டனைக் காணவே காணோம். அம்மா விரலால் விரித்துப் பார்த்தார், பெரிதாகவில்லை.

எண்ணூர் அக்கா | ஜூன் 6, இரவு 8.50

தம்பி, விரலால் விரிக்க முடியாததை முதலில் சரிசெய்யுங்கள். வியூபோர்ட் வரியை எங்கிருந்தாவது நகல் எடுத்தீர்களா? 'யூசர்-ஸ்கேலபிள் நோ' அல்லது 'மேக்சிமம்-ஸ்கேல் 1' அதோடு ஒட்டிக்கொண்டு வந்திருக்கும். உடனே அழித்துவிடுங்கள். 2016-இல் வந்த ஐஓஎஸ் 10-லிருந்து ஐபோன் அதை மதிப்பதில்லை. ஆண்ட்ராய்டில் பூட்டு போட்ட மாதிரி ஆகிவிடும். எனக்குக் கண் பார்வை குறைவு. விரித்துப் பார்க்க முடியாத பக்கம் எனக்கு மூடிய கடைதான். உங்கள் அம்மா வயதுக்காரர்கள் பலருக்கும் அப்படித்தான் இருக்கும்.

விலையை மவுஸுக்குப் பின்னால் ஒளிக்காதீர்கள். விரலுக்கு "மேலே வைப்பது" என்று ஒன்று கிடையாது, தொடுவது மட்டும்தான். மீன் வாங்க வருகிறவர் கேட்கும் முதல் கேள்வியே விலை. அது படத்துக்குக் கீழே எப்போதும் தெரியட்டும்.

அட்டவணையைப் போனில் அட்டவணையாக வைக்கவே வேண்டாம். ஒரு மீனுக்கு ஒரு கட்டம். மேலே பெயர், கீழே முழு மீன் விலை, அதற்குக் கீழே சுத்தம் செய்தால் என்ன விலை. நம் மொழியில் சொற்கள் நீளம். 'காணாங்கெளுத்தி'யை ஆறில் ஒரு பங்கு அகலத்தில் அடைக்கப் பார்த்தால் பக்கத்துக் கட்டத்தில் போய் இடிக்கும். வரி உயரத்தையும் 1.6 அளவுக்கு விடுங்கள். 'கி', 'கீ' மேல்கொம்பும் 'பு', 'மு' கீழ்ச்சுழியும் வெட்டுப்படாமல் இருக்கும்.

கொருக்குப்பேட்டைக்காரன் | ஜூன் 6, இரவு 9.30

அக்கா சொன்னதில் ஒரு எழுத்தைக்கூட மாற்ற மாட்டேன். பட்டன் விஷயம் நான் சொல்கிறேன். பக்கத்துக்கு உயரம் 100 விஎச், அதாவது திரை உயரம் முழுவதும், என்று கொடுத்து, பட்டனை அடியில் ஒட்டியிருப்பீர்கள். போனில் முகவரிப் பட்டை ஒளிந்தும் தெரிந்தும் விளையாடும். 100 விஎச் என்பது பட்டை ஒளிந்திருக்கும்போது உள்ள உயரம். பட்டை தெரியும்போது அந்த அளவுக்குக் கீழ்ப்பகுதி திரைக்கு வெளியே போய்விடும். உங்கள் பட்டன் இருப்பது சரியாக அந்த இடத்தில். கம்ப்யூட்டரில் பட்டை அசையாது, அதனால் உங்களுக்குத் தெரியவில்லை. உயரமே கொடுக்காமல் விடுவது நல்லது. கொடுத்தே ஆக வேண்டும் என்றால் முதலில் விஎச், அடுத்த வரியில் பட்டைக்கு ஏற்ப மாறும் டிவிஎச். பழைய பிரவுசர் முதலாவதை எடுத்துக்கொள்ளும்.

அரை நிமிடம் என்றீர்களே, படங்கள் என்ன அளவு? போனில் எடுத்ததை அப்படியே ஏற்றினீர்களா?

ராயபுரம் மீன்கடை | ஜூன் 7, காலை 6.45

ஆமாம் அண்ணா, அப்படியே. ஒவ்வொன்றும் 4 எம்பி, மொத்தம் 12 படம். இப்போதுதான் கூட்டிப் பார்க்கிறேன், 48 எம்பி. வாடிக்கையாளர் டேட்டாவை நான் இவ்வளவு தின்றிருக்கிறேன் என்று நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. 800 பிக்சல் அகலத்துக்குக் குறைத்து, வெப்பி என்கிற சின்ன அளவுப் பட வடிவத்துக்கு மாற்றினேன், ஒவ்வொன்றும் 100 கேபிக்குள் வந்துவிட்டது. கீழே உள்ள படங்கள் அங்கே நகர்த்தும்போது மட்டும் இறங்கும்படி 'லேசி' லோடிங் கொடுத்தேன்.

இன்று காலை ஐந்து மணிக்கு அம்மாவோடு காசிமேடு போனேன். தடைக்குள் வராத ஃபைபர் படகு மீன் மட்டும்தான் வந்திருந்தது. அம்மா ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டே நெத்திலி விலையை மாற்றப் பார்த்தார். கை ஈரம். ஒன்றைத் தொட்டால் இன்னொன்று திறந்தது. கொஞ்சம் வெயில் ஏறியதும் நான் போட்ட வெளிர் சாம்பல் எழுத்து சுத்தமாகத் தெரியவில்லை. வீட்டு டியூப்லைட்டில் அது எவ்வளவு அழகாக இருந்தது!

எண்ணூர் அக்கா | ஜூன் 7, காலை 9.10

நீங்கள் அங்கே போய்ப் பார்த்ததுதான் தம்பி சரியான வேலை. குரோமில் டெவலப்பர் பகுதியைத் திறந்து கண்ட்ரோல், ஷிஃப்ட், எம் அழுத்தினால் போன் அளவு காட்டும், நானும் தினமும் அதைத்தான் பயன்படுத்துகிறேன். ஆனால் அதில் ஈரமும் வெயிலும் கிடையாது.

தொடுதிரை விரலின் மின்னேற்றத்தை உணர்ந்துதான் வேலை செய்கிறது. உப்புத் தண்ணீரும் மின்சாரம் கடத்தும். துளி விழுந்தாலே திரை அதைத் தொடுதல் என்று குழப்பிக்கொள்ளும். அதை நாம் முழுதாகத் தடுக்க முடியாது. பட்டனைப் பெரிதாக வைத்து, இரண்டு பட்டனுக்கு நடுவே இடம் விட்டால் தவறு குறையும். ஆண்ட்ராய்டுக்கு கூகுள் சொல்வது 48 அலகு. அம்மாவுக்கு 56 வையுங்கள். அழிக்கிற பட்டனைச் சேமிக்கிற பட்டனுக்குப் பக்கத்தில் வைக்கவே கூடாது.

எழுத்துக்கும் பின்னணிக்கும் ஒளிர்வு வேறுபாடு குறைந்தது 4.5-க்கு 1 என்பது, இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பின் வழிகாட்டுதல். நீங்கள் அதற்கும் மேலே போங்கள். வெள்ளையில் கறுப்பு, அவ்வளவுதான்.

பெரம்பூர் வாசகர் | ஜூன் 7, பகல் 1.30

தம்பி பக்கத்தைத் திறந்து பார்த்தேன், நன்றாக இருக்கிறது. என் ஐபோனில் பெயர் எழுதும் பெட்டியைத் தொட்டதும் பக்கம் திடீரெனப் பெரிதாகித் தாவுகிறது. அப்புறம் தானாகத் திரும்புவதில்லை.

கொருக்குப்பேட்டைக்காரன் | ஜூன் 7, பகல் 2.00

பெட்டியின் எழுத்து அளவு 16 பிக்சலுக்குக் குறைவாக இருந்தால் ஐபோன் அப்படிச் செய்யும். 16 வைத்துவிடுங்கள், நின்றுவிடும்.

ராயபுரம் மீன்கடை | ஜூன் 11, இரவு 10.05

நான்கு நாள் உட்கார்ந்து எல்லாம் மாற்றினேன். இப்போது போனுக்காக முதலில் எழுதி, அகலம் 768-க்கு மேல் போனால் அட்டவணை வரும்படி வைத்தேன். அம்மா, போன் செய்த வாடிக்கையாளர் அக்கா, பெரம்பூர் சார், மூவர் போனிலும் சரி.

ஆனால் எங்களிடம் மொத்தமாக வாங்கும் மெஸ் ஒன்று இருக்கிறது. அவர்கள் கணக்குப்பிள்ளை கம்ப்யூட்டரில்தான் ஆர்டர் போடுவார். அவர் திரையில் பக்கம் போன் மாதிரியே ஒற்றைப் பத்தியாக, திரை முழுக்க இழுத்துக்கொண்டு வருகிறது. என் கம்ப்யூட்டரில் அப்படி இல்லை. இரண்டுமே குரோம்தான். இது எனக்குப் புரியவே இல்லை.

தண்டையார்பேட்டை பிரவுசிங் சென்டர் | ஜூன் 12, காலை 7.50

அந்தக் கம்ப்யூட்டரில் விண்டோஸ் 7-ஆ என்று கேளுங்கள். அப்படியானால் குரோம் 109-ஓடு நின்றிருக்கும். 2023 தொடக்கத்தில் வந்த அந்தப் பதிப்புதான் விண்டோஸ் 7-க்குக் கடைசி. என் சென்டரிலும் அப்படி ஒன்று ஓரமாக இருக்கிறது.

கொருக்குப்பேட்டைக்காரன் | ஜூன் 12, காலை 8.30

சென்டர் அண்ணன் சரியாகப் பிடித்துவிட்டார். பக்கத்தின் தோற்றத்தைச் சொல்லும் உங்கள் சிஎஸ்எஸ் கோப்பைத் திறந்து பார்த்தேன். 768-க்கு மேல் என்ற மீடியா விதியை ஒவ்வொரு விதிக்குள்ளேயும் பொதிந்து எழுதியிருக்கிறீர்கள். நெஸ்டிங் என்கிற இந்த முறை குரோமில் 112-இல்தான் வந்தது. 109-க்கு அது புரியாது, அந்தப் பகுதியைத் தாண்டிப் போய்விடும். போனில் குரோம் பிளே ஸ்டோர் வழியாகப் புதிதாகிக்கொண்டே இருக்கும், அதனால் அங்கே பிரச்சினை வரவில்லை. இந்த இடத்தில் போன் புதுசு, கம்ப்யூட்டர்தான் பழசு.

மீடியா விதிகளை வெளியே எடுத்துக் கோப்பின் கடைசியில் தனியாக எழுதுங்கள். அப்படியே பக்கத்துக்கு 1100 பிக்சல் உச்ச அகலம் கொடுங்கள், பெரிய திரையில் வரி நீண்டு போகாது.

ராயபுரம் மீன்கடை | ஜூன் 15, இரவு 9.15

விண்டோஸ் 7-தான் அண்ணா. வெளியே எடுத்து எழுதியதும் மெஸ்ஸில் அட்டவணை வந்துவிட்டது. கணக்குப்பிள்ளை சார் அதை அப்படியே பிரின்ட் எடுத்துச் சமையல்காரரிடம் கொடுத்தாராம்.

தடை முடிந்துவிட்டது, விசைப்படகுகள் கிளம்பிவிட்டன. இன்று சாயங்காலம் கடையில் நின்றுகொண்டே, கையைப் புடவையில் துடைத்துவிட்டு, அம்மா தானே சங்கரா விலையை மாற்றினார். நான் பக்கத்தில்தான் இருந்தேன், என்னைக் கூப்பிடவில்லை. இழையைத் 'தீர்ந்தது' என்று குறித்துவிட்டேன். காசிமேடு பக்கம் வந்தால் நால்வரும் அவசியம் வீட்டுக்கு வாருங்கள், அம்மா குழம்பு வைத்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.