இடுப்பு நாடா மட்டும் போதுமா?

கேள்வி: வளர்சிதை மாற்றக் கோளாறு (வயிற்றுக் கொழுப்பு, ரத்தக் கொழுப்பு, ரத்த அழுத்தம், சர்க்கரை ஆகியவை சேர்ந்து கெடும் நிலை) இருக்கிறதா என்று பெரியவர்களிடம் முதற்கட்டமாகச் சலித்தெடுக்க எந்த அளவீடு எளிது? பி.எம்.ஐ. (உயரத்துக்கு ஏற்ற எடையா என்று காட்டும் குறியீடு) போதுமா?

பதில் 1: பி.எம்.ஐ. வயிற்றுக் கொழுப்பைக் காட்டாது. இடுப்புச் சுற்றளவை உயரத்தால் வகுங்கள், 0.5-ஐத் தொட்டால் மேற்கொண்டு பாருங்கள். ஆண், பெண் இருவருக்கும் ஒரே வரம்பு என்பதுதான் இதன் வசதி.

பதில் 2: தப்பு நடப்பது அளப்பதில்தான். தொப்புளைக் குறியாக வைக்காதீர்கள், தொப்பை சரிந்தால் அதுவும் சரியும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவே, மூச்சை இயல்பாக வெளியே விட்டதும் அளக்கணும். வயிற்றை எக்கக் கூடாது. நாடா தோலை அழுத்தக் கூடாது.

பதில் 3: ரத்தப் பரிசோதனை கையில் இருந்தால் டிரைகிளிசரைடை (ரத்தத்தில் உள்ள ஒரு வகைக் கொழுப்பு) எச்.டி.எல்.-ஆல் (நல்ல கொலஸ்ட்ரால்) வகுத்துப் பாருங்க. மி.கி./டெ.லி. அலகில் 3-ஐத் தாண்டினால் இன்சுலின் எதிர்ப்பைச் (இன்சுலினுக்கு உடல் சரியாகப் பணியாத நிலை) சந்தேகிக்கலாம். மி.மோல் அலகில் அதே வரம்பு சுமார் 1.3, அலகைக் கவனிக்காமல் குழம்புகிறவர்கள் நிறைய. சாப்பிட்டதும் டிரைகிளிசரைடு ஏறும் என்பதால் வெறும் வயிற்று அளவே நல்லது.

பதில் 2 (மீண்டும்): இவை சல்லடைதான். உறுதி செய்ய ஐந்தில் மூன்று வேண்டும்: பெருத்த இடுப்பு (வரம்பு இனத்துக்கு இனம் மாறும்), டிரைகிளிசரைடு 150+ (ரத்தப் பரிசோதனை அளவுகள் எல்லாம் மி.கி./டெ.லி.), எச்.டி.எல். ஆண் 40, பெண் 50-க்குக் கீழ், ரத்த அழுத்தம் மேல் அளவு 130 அல்லது கீழ் அளவு 85-க்குக் குறையாமல், வெறும் வயிற்றுச் சர்க்கரை 100+. மாத்திரையால் அழுத்தம் இயல்பாக இருந்தாலும் அது ஒன்றாகவே கணக்கு.